தோட்டப்புறமும் தீபாவளிப் பலகாரமும்

ஓர் இனத்தின் வரலாறு அரசாங்க ஆவணங்களில் மட்டும் எழுதப்படுவதன்று. அஃது அடுப்பங்கரையிலும் எழுதப்படுகிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு எத்தனை தமிழர் கப்பலேறி வந்தனர், அவர்களுக்கு என்ன கூலி வழங்கப்பட்டது என்பனவற்றைத் தொழில் இலாகாவின் ஆண்டறிக்கைகள் கூறும். ஆனால், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒருவரையொருவர் அறியாமல் ஒரே லயத்தில் குடியமர்த்தப்பட்ட அம்மக்கள் எவ்வாறு ஓர் ஊராராக மாறினர் என்பதை அவ்வறிக்கைகள் கூறமாட்டா. அதைக் கூறவல்ல சான்றுகளுள் ஒன்று தீபாவளிப் பலகாரம்.

இக்காலத்தில் ஒரு குறை பரவலாகக் கேட்கப்படுகிறது. அடுமனை பிஸ்கட்டுகளும் அன்னாசிப் பணியாரங்களும் வந்து முறுக்கையும் அதிரசத்தையும் ஓரங்கட்டிவிட்டன. நம் மரபு கெட்டுவிட்டது என்பதே அக்குறை. இது முற்றும் உண்மையா? இழந்தது பண்டத்தையா, வேறொன்றையா? வரலாற்றின் துணைகொண்டு இதனை ஆராய்தல் தகும்.

பழமையும் கலப்பும்

தமிழர் பணியாரம் செய்யக் கற்றது இன்று நேற்றன்று. சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி, மோதகம் விற்ற கூவியர் என்னும் அப்ப வணிகரைக் காட்டுகிறது. விசயநகர வேந்தர் காலத்துத் திருமலை திருப்பதிக் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைத்த அப்பமும் அதிரசமும் இடம்பெறுகின்றன. ஆகவே, அரிசிமாவும் வெல்லப்பாகும் கூடிய இனிப்பு, நம்மவரின் தொன்மையான செல்வம் என்பதில் ஐயமில்லை.

எனினும், இன்று ‘நம்முடையவை’ என்று நாம் கொண்டாடுவன அனைத்தும் அத்தகைய தொன்மை உடையன அல்ல. காரமுறுக்கில் சேரும் மிளகாயும் கலவைப் பலகாரத்தில் சேரும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியரின் கடல்வழி வாணிபத்தால் ஆசியாவெங்கும் பரவியவை. மலேசியத் தமிழர் வீடுகளில் தீபாவளிக்கு இன்றியமையாததாகிவிட்ட அச்சு முறுக்கின் கதை இன்னும் சுவையானது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி ஆகியவற்றைக் கரைத்து, காய்ந்த எண்ணெயில் சூடேற்றிய பூவச்சை அதில் தோய்த்துப் பொரிப்பது அது. கேரளத்துக் கிறித்தவர் இதனை அச்சப்பம் என்பர். இலங்கையில் இதற்குக் கொக்கிஸ் என்று பெயர். அச்சொல் சிறு பணியாரத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. மலாய்க்காரர் குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் கூறுவர். லோயாங் என்பது பித்தளை. அச்சை ஆட்டி மாவைக் கழற்றுவதால் குவே கோயாங் என்னும் பெயரும் உண்டு. இவ்வாறு பல துறைமுகங்களைத் தொட்டு வந்த ஒரு பண்டம், பலரும் தமக்கே உரியதென்று கருதும் அளவுக்கு அவரவர் அடுக்களையில் வேரூன்றிவிட்டது.

கலப்பு என்பது நேற்று வந்த கேடன்று. வாங்கியதைத் தமதாக்கிக் கொள்வதும் மரபின் இயல்பே என்பதற்கு அச்சு முறுக்கே சான்று.

அளந்து கொடுத்த அரிசி

1910இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணிகள் வழியாகவும், 1907இல் அமைந்த குடியேற்ற நிதியின் உதவியாலும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக வந்தனர். 1920களின் இறுதியில் கடலோரத் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக இருந்தன. உலகப் பொருளாதார மந்தம் நேர்ந்தபோது அக்கூலியும் குறைந்தது. 1930க்கும் 1932க்கும் இடையே பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

தோட்ட வாழ்க்கையில் எல்லாம் அளவுக்கு உட்பட்டவை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் அளவெடுக்கப்படும். நிறைபோடும் கொட்டகையில் பால் அளவெடுக்கப்படும். அரிசியும் அளந்தே கொடுக்கப்படும். அளந்து வாங்கிய அவ்வரிசியில் ஒரு பங்கை ஒதுக்கி, கடைக்காரரிடம் பற்றுக் கணக்கில் நெய்யும் சீனியும் வாங்கி, தாம் உண்பதற்கென்று மட்டுமின்றிப் பிறருக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு பண்டத்தைச் செய்தனர் என்றால், அச்செயலின் பெருமையை உணர்தல் வேண்டும். ஆண்டு முழுவதும் பெறுபவராக இருந்தவர், அந்த ஒருநாளில் கொடுப்பவராக உயர்ந்தனர். கூலிக்காரர் என்று அழைக்கப்பட்டவர்க்குப் பலகாரத் தட்டு தந்த தகுதி அது.

கைகள் கூடிய இரவுகள்

பால்மரம் வெட்டும் வேலை நண்பகலுக்கு மேல்தான் முடியும். ஆதலால் பலகார வேலை மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். தீபாவளிக்கு இரண்டொரு வாரம் முன்னரே லயங்களில் உலக்கை ஒலி எழும். ஊறவைத்து நிழலில் உலர்த்திய அரிசியை இருவர் மாறிமாறி இடிப்பர், ஒருத்தி சலிப்பாள். வறுத்த உளுந்தையும் பாசிப்பயற்றையும் திரிகையில் அரைக்கச் சிறுமியர் முறை வைத்துக்கொள்வர். ஆடவர் காய்ந்த பால்மர விறகைப் பிளந்து அடுக்குவர்.

இப்பலகாரங்கள் எவையும் தனி ஒருத்தியின் கைக்கு அடங்குவன அல்ல. முறுக்கு மாவு இறுகினால் நாழியை அழுத்த வலிய கை வேண்டும். பிழிபவர் ஒருவர், எண்ணெயில் இடுபவர் ஒருவர், சிவக்குமுன் அரித்தெடுப்பவர் ஒருவர். நெய்யுருண்டையோ இன்னும் அவசரமானது. பயற்றமாவில் சூடான நெய்யை ஊற்றியவுடன், கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் மாவு உதிர்ந்துபோகும். ஆகவே நாலைந்து பேர் தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்தால்தான் வேலை முடியும். அதிரசத்துக்குப் பாகின் பதம் உயிர்நாடி. பாகை ஒரு துளி நீரில் விட்டு உருட்டிப் பார்த்து, ‘இறக்கு’ என்று சொல்ல முதிய பெண்மணி ஒருத்தி அருகிருக்க வேண்டும். ஏட்டில் எழுதப்படாத அந்த அறிவு அவளுடைய விரல் நுனியில் இருந்தது.

இதனால் இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு என்று முறை வைத்துப் பெண்கள் கூடினர். இரத்த உறவு இல்லாதவரும் அத்தையாகவும் அக்காளாகவும் ஆயினர். வயல்வேலையில் வழங்கிய கைமாற்று உழைப்பு, வயலே இல்லாத தோட்டப்புறத்தில் அடுப்பங்கரையில் உயிர்பெற்றது. ஊர் என்பது இவ்வாறுதான் உருவாயிற்று.

இதில் மறைக்கத்தகாத குறைகளும் உண்டு. சாதி வேற்றுமையும் கப்பலேறி வந்திருந்தது. எல்லாத் தட்டும் எல்லா வாசலையும் எட்டிவிடவில்லை. மேலும், பகலெல்லாம் பால்வாளி சுமந்த பெண்ணே இரவெல்லாம் அடுப்புப் புகையில் கண் எரிந்தாள். பழமையைப் போற்றும்போது இவற்றையும் நினைவிற் கொள்ளுதல் நேர்மையாகும்.

போரும் அவசரகாலமும்

1941 டிசம்பரில் சப்பானியர் படையெடுத்தனர். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகிப் போயிற்று, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. 1942-43இல் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். சோற்றுக்கே அரிசி காணாத வீட்டில் அரிசிமாவுப் பலகாரத்துக்கு இடமேது? உருட்டவும் இடிக்கவும் கூடியிருந்த கைகளுள் பல இல்லாமற்போயின. 1945 ஆகஸ்டில் போர் முடிந்த பின்னரும் அரிசிப் பங்கீடு தொடர்ந்தது.

1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. காட்டிலிருந்த ஆயுதப் போராளிகளுக்கு உணவு சென்றடையாதவாறு அரிசி, சீனி முதலிய பொருள்களின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. உணவுப் பொட்டலத்தோடு வேலியைத் தாண்டுவதே ஐயத்துக்கு இடமான காலத்தில், பலகாரத் தட்டு அடுத்த தோட்டத்துக்குச் செல்வது எளிதாக இருந்திருக்க முடியாது. 1960இல்தான் அவசரகாலம் முடிவுற்றது. இத்தனை இடர்களையும் கடந்து அம்மரபு நிலைத்தது. காரணம், கூடிச்செய்யும் மக்கள் இன்னும் ஓரிடத்தில் வாழ்ந்தனர்.

அடுமனைப் பண்டங்கள் வந்த வழி

மாவை வெப்பத்தில் வேகவைத்துச் சுடும் கலையை நம்மவர் இந்நாட்டு அண்டை வீட்டாரிடமிருந்தே பெரிதும் கற்றனர். மலாய்க்காரரின் பாகுலு, பித்தளை அச்சில் முட்டைமாவை ஊற்றி, அடியிலும் மூடியின் மேலும் தணலிட்டுச் சுடப்படுவது. அதன் பெயரைப் போர்த்துக்கீசியரின் ‘போலோ’ என்னும் சொல்லோடு இணைத்துக் கூறுவர். சீனரும் பெரானாக்கானும் இரும்புத் தட்டுகளுக்கிடையே சுட்டு மடிக்கும் குவே காப்பிட், அன்னாசிப் பணியாரம் ஆகியவற்றால் புகழ்பெற்றனர். மலாக்காப் போர்த்துக்கீசிய வழித்தோன்றல்கள் ரவையில் செய்யும் சூஜி கேக்கைப் பேணி வந்தனர். கோதுமை மாவையும் நெய்யையும் பிசைந்து உருட்டிச் சுடும் சூஜி பிஸ்கட், நெய்யுருண்டைக்கு நெருங்கிய உறவு போலத் தமிழர் வீட்டில் எளிதாக இடம்பெற்றுவிட்டது.

மின்சாரம் எட்டிய வீடுகளில் அடுமனைப் பெட்டி வந்ததும் இப்பண்டங்கள் பெருகின. மைலோ டின்களிலும் பிஸ்கட் தகரங்களிலும் முறுக்கும் பிஸ்கட்டும் அருகருகே அடைக்கப்பட்டன. நோன்புப் பெருநாளுக்கு மலாய் வீட்டிலிருந்தும் சீனப் பெருநாளுக்குச் சீனர் வீட்டிலிருந்தும் வந்த தட்டுகள் வெறுமையாகத் திரும்பிச் செல்லவில்லை. முறுக்கு என்னும் தமிழ்ச்சொல் ‘முருக்கு’ என மலாய்மொழியிலும் ஏறியது. கடன் வாங்கியவர் நாம் மட்டுமல்லர். கடன் கொடுத்தவரும் நாமே.

இழந்தது எது?

1950களிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கும் நோக்குடன் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், பின்வந்த ஆண்டுகளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடந்தந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்தோர் நகர்ப்புற அடுக்குமாடிகளில் சிதறினர். உரல் வைக்க இடமில்லை. அதைவிட முக்கியமாக, உருட்டுவதற்கு உடன் அமர ஆளில்லை. முன்பு பத்துப் பேர் பகிர்ந்த உழைப்பு ஒருத்தியின் தலையில் விழுந்தது. அவளோ தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ செல்பவள். அவள் கடையில் பலகாரம் வாங்கினால் அதனைச் சோம்பல் என்பது அறியாமை.

ஆகவே மரபைக் கெடுத்தது பிஸ்கட்டன்று. நாம் இழந்தது கூடி உழைக்கும் வழக்கத்தை. சூஜி பிஸ்கட்டைக் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து உருட்டினால் அதுவும் மரபே. அதிரசத்தைப் பொட்டலமாக வாங்கி அடுக்கிவைத்தால் அது வெறும் பண்டமே. ஆடவரும் சிறுவரும் அடுப்பங்கரைக்குள் வரட்டும். விறகு பிளந்த தாத்தாவின் பேரன் மாவு பிசைவதில் இழுக்கொன்றும் இல்லை.

இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளி மாணவனும் தீபாவளி விடுமுறையில் தன் பாட்டியிடம் அமர்ந்து, எந்தத் தோட்டத்தில் யார் யாரோடு சேர்ந்து எந்தப் பலகாரம் செய்தார் என்று கேட்டு எழுதிவந்தால், எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத ஒரு வரலாறு நம் கைக்குக் கிட்டும். லயத்து அடுப்பின் தணலைக் கண்ட தலைமுறை விரைந்து குறைந்து வருகிறது. பாகின் பதத்தைச் சொல்லும் விரல்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்தல் வேண்டும்.