ரயில்வே கேட் திறந்த பிறகும் வண்டிகள் நகராதது ஏன்?

நம் ஊர்களில் ரயில்வே கேட் மூடும்போது என்ன நடக்கிறது என்று பார்த்திருப்போம். முதலில் வருபவர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் வரும் பைக்குகள் இடுக்கில் நுழைந்து முன்னே போய் நிற்கின்றன. அவற்றைப் பார்த்து ஓர் ஆட்டோ வலப்பக்கம் ஏறுகிறது. ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு கார். சற்று நேரத்தில் எதிரே வருபவர்களுக்கான பாதி சாலையும் நிரம்பிவிடுகிறது. கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே நிலைதான்.

ரயில் போய், கேட் திறந்ததும் இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்கின்றன. யாரும் பின்வாங்க முடியாது, முன்னேறவும் முடியாது. இரண்டு நிமிடத்தில் காலியாக வேண்டிய இடம் கால் மணி நேரம் அடைத்துக்கொள்கிறது. அங்கே சாலையும் போதுமானது, வண்டிகளும் அதிகமில்லை. ஆளுக்கொரு அடி முன்னே போக நினைத்ததுதான் எல்லோரையும் நிறுத்திவிட்டது.

நெரிசல் எப்படி உருவாகிறது?

வாகனங்கள் பெருகியதும் சாலைகள் குறுகியதும் நெரிசலுக்குக் காரணங்கள்தான். ஆனால் அவை மட்டுமே காரணமல்ல. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, விபத்தும் இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் சில கார்கள் முழுமையாக நின்றுவிட்டன. ஒருவர் லேசாக வேகம் குறைத்தால் பின்னால் வருபவர் சற்று அதிகமாகக் குறைக்கிறார், அவருக்குப் பின்னால் வருபவர் பிரேக் போட்டு நிற்கிறார். இப்படி அந்தத் தடை அலைபோலப் பின்னோக்கிப் பரவுகிறது.

ஒரு சிறு தடங்கலே இவ்வளவு செய்யும் என்றால், திடீரென்று குறுக்கே வெட்டும் பைக்கும் நடுச்சாலையில் ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோவும் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஊருக்கு ஊர் மாறும் பழக்கங்கள்

ஓட்டும் பழக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது. எதிரே வருபவர் முன்விளக்கைச் சிமிட்டினால், பிரிட்டனில் பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்று பொருள். நம் நெடுஞ்சாலைகளில் அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். ஹாரனும் அப்படித்தான். பல நாடுகளில் அது ஆபத்தை எச்சரிக்க மட்டும். இங்கே முந்துவதற்கும், வளைவில் திரும்புவதற்கும், சிக்னல் பச்சையாவதற்கு முன்பே கிளம்பச் சொல்வதற்கும் ஹாரன்தான்.

நெரிசலை நேரடியாக உண்டாக்கும் பழக்கங்கள் மூன்று. முன்னால் இடம் காலியாகும் முன்பே சந்திப்புக்குள் நுழைவது முதலாவது. சிக்னல் மாறியதும் குறுக்கே செல்ல வேண்டியவர்களின் வழி அடைபடுகிறது. அடுத்தது, சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வருவது. மூன்றாவது, "ஐந்தே நிமிடம்" என்று சாலையோரம் நிறுத்திவிட்டுப் போவது.

பழியெல்லாம் ஓட்டுநர்கள் மீது மட்டும் அல்ல. நடைபாதையைக் கடைகள் பிடித்துக்கொண்டால் மக்கள் சாலையில்தான் நடப்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நின்றால் பேருந்து நடுச்சாலையில்தான் நிற்கும். பேருந்து, லாரி, பைக், சைக்கிள் எல்லாம் ஒரே சாலையில் வெவ்வேறு வேகத்தில் செல்லும் ஊரில், தடம் பிரித்து ஓட்டுவது எளிதும் அல்ல.

அதே ஓட்டுநர், வேறு சாலை

"நம் ஆட்களுக்கு ஒழுங்கு வராது" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களைப் பார்த்தால் இது பொய் என்று தெரியும். அங்கே தடம் மாறாமல் ஓட்டுபவர், விடுமுறையில் ஊருக்கு வந்த மறுவாரமே ரயில்வே கேட்டில் வலப்பக்கம் ஏறி நிற்கிறார். ஆள் மாறவில்லை, சூழல்தான் மாறியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தவறுகளுக்குக் கரும்புள்ளிகள் போடப்படுகின்றன. 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். யார் தவறு செய்தாலும் கேமரா பிடித்துவிடும் என்ற எண்ணமே பழக்கத்தை மாற்றிவிடுகிறது. அங்கும் துபாய், ஷார்ஜா இடையே காலையிலும் மாலையிலும் கடும் நெரிசல் உண்டு. எண்ணிக்கை மிஞ்சும்போது ஒழுங்கு மட்டும் போதாது. ஆனால் வரிசை கலையாத நெரிசல் மெதுவாகவேனும் நகரும்.

நம்மிலிருந்து தொடங்குவோம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நம் பள்ளிவாசல் தெருக்களைப் பார்ப்போம். ஏழு மீட்டர் அகலமுள்ள தெருவில் இரு பக்கமும் கார்கள் நின்றால், மிச்சமிருப்பது ஏறக்குறைய மூன்றரை மீட்டர். கார்களை ஒட்டிப் பைக்குகளும் நின்றால் ஆம்புலன்ஸ் நுழையவே முடியாது. திருமண மண்டப வாசலிலும், பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் இதே நிலைதான்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் இருந்தால் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் தெருவை அடைத்து நிறுத்திவிட்டுத் தொழுகையில் நிற்பவர் எப்படி வழிவிடுவார்? உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆம்புலன்ஸில் இருப்பது நம் தெருவின் பிரசவ வலிக்காரப் பெண்ணாகவோ, நெஞ்சு வலியால் துடிக்கும் பெரியவராகவோ இருக்கலாம்.

நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள் ஜும்ஆவுக்கு நடந்தே வரலாம். வாகனங்களை ஒரே பக்கமாக நிறுத்த ஜமாஅத் நிர்வாகம் நான்கு இளைஞர்களை நிறுத்தலாம். திருமண அழைப்பிதழில் வாகனம் நிறுத்தும் இடத்தையும் ஒரு வரி குறிப்பிடலாம்.

பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவது நன்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நம் வண்டியே அந்த முள்ளாகக் கிடக்க வேண்டாம். அடுத்த முறை ரயில்வே கேட் மூடியிருந்தால், முன்னே இடம் இருப்பது தெரிந்தாலும் வரிசையிலேயே நிற்போம். பின்னால் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.