உடலும் உள்ளமும் ஒரே கூரையின் கீழ்: நம் மருத்துவ வரலாறு தரும் படிப்பினை

நம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்வதை எவரும் மறைப்பதில்லை. ஆனால் பிள்ளை பெற்ற ஒரு பெண் வாரக்கணக்கில் உறக்கமின்றி அழுதுகொண்டிருந்தாலோ, ஓர் இளைஞர் உளூவை முடிக்க இயலாமல் கைகால்களை மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டே தொழுகையைத் தவறவிட்டாலோ நம் பேச்சு மாறிவிடுகிறது. ஈமான் குறைவு என்கிறோம், கண்ணேறு என்கிறோம், ஜின்னின் தீண்டல் என்கிறோம். ஓதிப் பார்க்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம். மருத்துவரை நாடுவது எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் உறவினருக்குத் தெரியாமல்.

உடலின் நோய்க்கு ஒரு வழி, உள்ளத்தின் நோய்க்கு வேறொரு வழி என்ற இந்தப் பிரிவினை நம் மார்க்கம் கற்றுத் தந்ததன்று. நம் முன்னோர் நடந்து காட்டிய வழியும் இதுவன்று. அந்த வரலாற்றைச் சற்று திரும்பிப் பார்ப்போம்.

அண்ணலாரின் வழி

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்காமல் விடவில்லை என்னும் கருத்தமைந்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. உடல் நோய்க்கு மட்டும் என்று அதில் வரையறை இல்லை. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதும் அதே தொகுப்பில் பதிவாகியுள்ளது. கவலை வருவதே ஈமானின் குறைபாடு என்றிருப்பின், படைப்பினங்களில் சிறந்தவர் அதிலிருந்து பாதுகாப்புத் தேடியிருக்க வேண்டியதில்லை. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆன் யூசுஃப் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. ஒரு நபியின் உள்ளத் துயரம் அவருடைய உடலைத் தாக்கியதை நாம் ஓதி வருகிறோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கம் ஒன்றை இங்கு நினைவுகூரலாம். அவர்களின் குடும்பத்தில் எவரேனும் இறந்து, வந்தவர்கள் கலைந்து சென்ற பின், நெருங்கிய பெண்களுக்காகத் தல்பீனா சமைக்கச் செய்வார்கள். அது வாற்கோதுமை மாவில் காய்ச்சும் மெல்லிய கஞ்சி. அது நோயாளியின் இதயத்துக்கு இதமளித்துத் துயரத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அவர்கள் அறிவித்துள்ளார்கள். துயரத்தில் இருப்பவரிடம் பொறுமையைப் போதிப்பதோடு நில்லாமல் அவருடைய வயிற்றையும் கவனிக்கிறது நபிவழி. துக்க வீட்டுக்கு அண்டை வீட்டார் உணவு கொடுத்தனுப்பும் நம் ஊர் வழக்கத்திலும் இந்த அக்கறையைக் காண்கிறோம்.

சித்தம் பேதலித்தவர் தெளிவடையும் வரை அவர் மீது மார்க்கக் கடமையோ குற்றமோ எழுதப்படுவதில்லை என்பதும் நாம் அறிந்த சட்டமே. அவரைப் பாவியாகப் பார்க்க இங்கே இடமில்லை. அவரைப் பராமரிப்பதே மற்றவர்கள் மீதுள்ள கடமை.

பல்கீயின் நூல்

இந்த அடித்தளத்தின் மீது எழுந்த ஒரு நூலைத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு நகரின் அருகே பிறந்தவர் அபூ ஸைத் அல்-பல்கீ. 934-இல் மறைந்த அவர் இராக்கில் மெய்யியலாளர் அல்-கிந்தீயிடம் பயின்றவர். புவியியலில் அவருடைய பெயரால் ஒரு மரபே உண்டு. அவர் இயற்றிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலின் பெயருக்கு, உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்று பொருள் கொள்ளலாம்.

முதற்பகுதி உடல்நலம் பற்றியது. உணவு, நீர், உறக்கம், உறைவிடம், உடற்பயிற்சி ஆகியவை அதில் பேசப்படுகின்றன. இரண்டாம் பகுதி உள்ளத்தின் நலம் பற்றியது. கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத ஊசலாட்ட எண்ணங்கள் ஆகிய நான்கையும் அவர் தனித்தனியே ஆராய்கிறார். இவ்விரண்டையும் ஒரே நூலில் சேர்த்ததற்கு அவர் காரணம் கூறுகிறார். மனிதன் உடலும் உள்ளமும் இணைந்தவன். உடல் நோயுற்றால் அறிவும் மனமும் தம் பணியைச் சரிவரச் செய்ய இயலாது. உள்ளம் நோயுற்றால் உடல் எந்த இன்பத்தையும் நுகராது, நாளடைவில் உடலும் நோயுறும். எனவே ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்கு மட்டும் மருத்துவம் செய்வது முழுமையாகாது. தம் காலத்து மருத்துவர்கள் உள்ளத்தின் பகுதியைக் கைவிட்டுவிட்டனர் என்பது அவருடைய குறை.

உடல் நோய் ஏதுமின்றிப் பல்லாண்டு வாழ்பவர் உண்டு. ஆனால் கோபமோ கவலையோ அச்சமோ அண்டாத மனிதர் இல்லை. எனவே உள்ளத்தின் மருத்துவம் எல்லோருக்கும் தேவை என்கிறார் பல்கீ. அவசரத்துக்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, மனம் தெளிவாக இருக்கும் நாள்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறார்.

துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்ததால் வருவது ஒன்று. காரணம் இன்னதென்று தெரியாமலேயே வந்து கவிந்து, மனிதனைச் செயலற்றவனாக்குவது மற்றொன்று. முதல் வகைக்கு எண்ணங்களைச் சீராக்கும் உரையாடலும் ஆறுதலும் துணைபுரியும். இரண்டாம் வகை உடலிலிருந்து தோன்றுவது, அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்றார். குருதியின் தன்மை பற்றிய அவருடைய விளக்கம் அக்காலத்துக்கு உரியது, இன்று அது ஏற்கப்படுவதில்லை. ஆயினும் காரணமற்ற துயரத்தில் ஆழ்ந்தவரைக் குற்றம் சாட்டாமல், அதை மருத்துவத்துக்குரிய நிலையாகக் கண்ட பார்வை பெரிது. வஸ்வாஸால் வருந்துபவர் தனிமையையும் சும்மா இருத்தலையும் தவிர்க்க வேண்டும் என்ற அவருடைய அறிவுரை இன்றும் பயனுள்ளது.

இஸ்தான்புல்லின் அயா சோஃபியா தொகுப்பில் கையெழுத்துப் பிரதியாகக் காக்கப்பட்டு வந்த இந்நூலின் உள்ளம் பற்றிய பகுதியை, சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013-இல் வெளிக்கொணர்ந்தார்.

பல்கீ மட்டுமே இவ்வழியில் சென்றவர் அல்லர். அவருடைய சமகாலத்தவரான அர்-ராஸீ, ரய் நகர ஆளுநர் மன்சூருக்காக உடல் மருத்துவம் குறித்து ஒரு நூல் எழுதினார். அதற்குத் துணையாக உள்ளத்தின் மருத்துவம் குறித்து மற்றொன்றையும் எழுதினார்.

மருத்துவமனைக்குள் மனநோயாளி

நூலில் இருந்த கருத்து கட்டடமாகவும் எழுந்தது. பீமாரிஸ்தான் என்பது பாரசீகச் சொல், நோயாளிகளின் இடம் என்று பொருள். 872-ஆம் ஆண்டளவில் எகிப்தின் ஆட்சியாளர் அஹ்மத் இப்னு தூலூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. சேர்ந்தவுடன் நோயாளியின் உடையும் பணமும் பாதுகாப்பில் வைக்கப்படும், மருத்துவமனை உடை வழங்கப்படும், சிகிச்சை இலவசம். ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணும் அளவுக்குத் தேறினால் வீடு திரும்பலாம். ஆட்சியாளரே வாரந்தோறும் நோயாளிகளைப் பார்த்து வருவார். ஒருநாள் மனநோயாளி ஒருவர் மாதுளம்பழம் கேட்டு வாங்கி, அதையே அவர் மீது வீசிவிட்டார் என்றும், அதன்பின் அவர் அங்கு செல்வதை நிறுத்திக்கொண்டார் என்றும் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார்.

1154-இல் சுல்தான் நூருத்தீன் திமிஷ்கில் ஒரு மருத்துவமனையை எழுப்பினார். பிற்காலத்தில் அந்நகரில் நோயுற்ற தளபதி கலாவூன் அங்கிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்தார். தாம் ஆட்சிக்கு வந்தால் இதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார். சுல்தானானதும் 1284-இல் கெய்ரோவில் அதை நிறைவேற்றினார். காய்ச்சல், கண்நோய், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கூடங்கள் அமைந்த அதே வளாகத்தில் மனநோயாளிகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. செலவை வக்ஃபு சொத்துகளின் வருமானம் ஏற்றது. எனவே ஏழையும் செல்வரும் அங்கே சமம். உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-இல் எதிர்னே நகரில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்காக இசைவாணர்கள் வாரம் மூன்று நாள்கள் இசைத்ததாகப் பயணி எவ்லியா செலெபீ பதினேழாம் நூற்றாண்டில் எழுதி வைத்தார்.

இவற்றைப் பொற்காலக் கதையாக மட்டும் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. 1183-இல் கெய்ரோவில் சுல்தான் ஸலாஹுத்தீன் அமைத்த மருத்துவமனையைக் கண்ட ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், மனநோயாளிகளின் அறைகளில் இரும்புக் கம்பிகள் இருந்ததையும், திமிஷ்கில் சிலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததையும் குறித்துள்ளார். அக்காலத்து மருத்துவம் சங்கிலியை விட்டுவிடவில்லை. ஆனால் சங்கிலியில் இருந்தவரும் ஒரு மருத்துவரின் நோயாளியாகவே இருந்தார், அவருக்கும் மருந்தும் உணவும் கிடைத்தன. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நம் ஊர் வரலாறு காட்டும்.

கீழ்ப்பாக்கமும் ஏர்வாடியும்

தமிழகத்தில் நவீன மனநலச் சிகிச்சை பிரிட்டிஷார் காலத்தில் தனி மதில்களுக்குள் தொடங்கியது. சென்னையில் 1794-இல் ஆங்கில மருத்துவர் ஒருவர் அமைத்த காப்பகத்தின் தொடர்ச்சியாக, 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநோய்க் காப்பகம் உருவானது. 1912-ஆம் ஆண்டின் சட்டம் பராமரிப்பைவிடக் காவலிலேயே கருத்தாக இருந்தது. பொது மருத்துவமனை ஓரிடம், மனநோயாளி வேறிடம் என்றாயிற்று. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாக மாறியது. அங்கு செல்ல அஞ்சிய குடும்பங்கள், முஸ்லிம்களும் பிற சமயத்தாருமாக, தர்காக்களையும் கோயில்களையும் தேவாலயங்களையும் நாடின.

அதன் கொடிய விளைவை 2001 ஆகஸ்ட் 6 அன்று கண்டோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. ஷிஃபா வேண்டித்தான் அழைத்து வந்தனர். அருகில் துஆ இருந்தது, மருத்துவர் இல்லை.

மீண்டும் ஒன்றாக

அந்தத் துயரத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கெடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. உடல் நோய்க்குக் கிடைக்கும் அதே தரத்தில் மனநோய்க்கும் சிகிச்சையும் காப்பீடும் கிடைக்க வேண்டும் என்கிறது. சாதாரண மருத்துவமனைகளிலேயே மனநலச் சிகிச்சையை இணைக்கும் நோக்கில் 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் அதன் மாவட்ட வடிவமும் தொடங்கின. குஜராத்தின் உனாவா கிராமத்தில் மீரா தாத்தார் தர்காவில், துஆ கேட்டு வருவோருக்கு அதே வளாகத்தில் மருந்தும் கிடைக்கும்படி 'தவா - துஆ' என்ற பெயரில் 2008-இல் ஒரு முயற்சி தொடங்கியது. அங்கே முஜாவர்கள் நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பி வைக்கின்றனர். ஏர்வாடியிலும் இதே முறை பின்பற்றப்பட்டது.

இதைப் புதுமை என்று சிலர் எண்ணக்கூடும். நாம் கண்ட வரலாற்றின்படி, இது நம் முன்னோர் விட்டுச்சென்ற வழிக்குத் திரும்புதலே. துஆவைக் கைவிடுமாறு எவரும் கேட்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு கற்பித்த நபியின் உம்மத்து நாம்.

ஆகவே நம் குடும்பங்களும் ஜமாஅத்துகளும் எளிய சில செயல்களில் தொடங்கலாம். குடும்ப மருத்துவரிடம் செல்லும்போது உறக்கமின்மை, இடைவிடாத துயரம், அச்சம் ஆகியவற்றையும் தயங்காமல் சொல்வோம். பிள்ளை பெற்ற பெண்ணிடம் பால் சுரக்கிறதா என்று கேட்பதோடு, மனம் எப்படி இருக்கிறது என்றும் கேட்போம். உளூவில் சிக்கித் தவிப்பவரை ஏளனம் செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். ஓதிப் பார்க்க வருவோரிடம் மருத்துவரையும் பாருங்கள் என்று நம் ஆலிம்கள் ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு மக்களிடம் பெரும் மதிப்புண்டு. பள்ளிவாசல் நடத்தும் இலவச மருத்துவ முகாமில் கண், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மனநல ஆலோசனைக்கும் ஒரு மேசை இடலாம். வாழ்வே வேண்டாம் என்று எவரேனும் பேசினால் அவரைத் தனியே விடாமல், 14416 என்ற அரசின் இலவச டெலிமானஸ் எண்ணை உடனே அழைப்போம்.

இந்தப் பணிக்கு வக்ஃபு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்க இயலுமா என்று ஒவ்வொரு மஹல்லாவும் கலந்து பேசட்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் திமிஷ்கிலும் கெய்ரோவிலும் அவ்வருமானமே காய்ச்சல் கண்டவருக்கும் மனம் கலங்கியவருக்கும் ஒருசேர மருந்தளித்தது.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கண்ணியத்தோடு பராமரிக்கும் மனத்தை நமக்கு அருள்வானாக. ஆமீன்.