நசுக்கிய எறும்பு வாசனை

எங்க ஊர்ல டாஸ்மாக் கடையை இன்னமும் ஒயின்ஷாப் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் இருக்கும். ஒயின் மட்டும்தான் தேடணும். அந்த ஊரில் இருபத்து மூணு வருஷம் வளர்ந்த ஒருத்தன் சிட்னிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து, நிஜமான ஒயின் விற்கிற கடையில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தால் என்ன ஆகும்? அந்தக் கதைதான் இது. (அம்மாவுக்கு இந்த வேலை பற்றித் தெரியாது. "சூப்பர் மார்க்கெட்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் போட்டுக் கொடுத்துடாதீங்க மக்களே.)

இங்கே சாராயக் கடையில் வேலை செய்ய ஆர்.எஸ்.ஏ. என்று ஒரு சான்றிதழ் வாங்கணும். பதினெட்டு வயசு ஆகாதவனுக்கு விக்காதே, ஏற்கெனவே தள்ளாடுறவனுக்கு விக்காதே, சண்டை வந்தா என்ன செய்யணும், எல்லாம் சொல்லித் தருவார்கள். எந்த பாட்டில் நல்லா இருக்கும் என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

சேர்ந்த மூணாவது வாரம், யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருத்தர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுட்டு, "தம்பி, என்ர போஸ் வீட்ட சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கினம். இதில எது திறம்?" என்று கேட்டார். நானும் ரொம்பத் தெரிந்தவன் மாதிரி, தொண்ணூற்றைந்து புள்ளி என்று கழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டின ஒரு ஷிராஸை எடுத்துக் கொடுத்தேன். நாற்பது டாலர். வாங்கிப் பார்த்துட்டு, "நீர் குடிச்சுப் பாத்தனீரோ?" என்றார்.

இல்லை அங்கிள், ஆனா பெரிய ஆட்கள் குடிச்சுப் பார்த்து மார்க் போட்டிருக்காங்க என்றேன். நம்பி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பீர் வாங்க வந்தவர், "அந்தாள் ஒரு வாய் குடிச்சுப்போட்டு கிளாஸை வைச்சிட்டார் தம்பி" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு என்ன சாப்பாடு என்று அப்புறம்தான் கேட்டேன். மீனாம். ஷிராஸ் என்பது நல்ல காரசாரமான, கனமான சிவப்பு ஒயின். மீன் அதுக்குப் பக்கத்தில் நிற்காது. இதெல்லாம் ஸ்டிக்கரில் போட மாட்டார்கள்.

அந்தத் தொண்ணூற்றைந்தைப் போட்டது யார்? அவர் நாக்கை நான் ஏன் நம்பணும்? ரெண்டு மாசமாக தீசிஸைத் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். (என் கைடு இதைப் படிக்க மாட்டார், தமிழ் தெரியாது.)

ஆஸ்திரேலியாவில் ஒயின் ருசி பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசினால் மேக்ஸ் ஷூபர்ட்டில்தான் ஆரம்பிக்கணும். 1931-ல் பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். படிப்படியாக ஏறி தலைமை ஒயின் தயாரிப்பாளர் ஆனார். 1950-ல் கம்பெனி அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது, ஷெர்ரி எப்படிப் பண்ணுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வர. அப்போதெல்லாம் ஆஸ்திரேலியர்கள் அதிகம் குடித்தது போர்ட்டும் ஷெர்ரியும்தான். இனிப்பாக, சாராயம் கலந்து, காட்டமாக. சாப்பாட்டோடு குடிக்கிற ஒயின் என்பது போருக்குப் பின்னால் வந்து இறங்கிய இத்தாலிக்காரர்கள், கிரேக்கர்களோடுதான் மெதுவாகப் பரவியது.

ஷூபர்ட் வேலையை முடித்துவிட்டு பிரான்ஸில் போர்தோவுக்கும் எட்டிப் பார்த்தார். அங்கே நாற்பது ஐம்பது வருஷம் பழைய சிவப்பு ஒயின் இன்னும் உயிரோடு இருப்பதை ருசித்துப் பார்த்து ஆள் அசந்து போனார். நம்ம ஊரிலும் இப்படி ஒண்ணு பண்ணணும் என்று முடிவு செய்துவிட்டார். போர்தோவின் கேபர்னே திராட்சை இங்கே போதுமான அளவு கிடைக்கவில்லை. சரி, நிறையக் கிடைக்கிற ஷிராஸ் இருக்கிறதே என்று, அடிலெய்டு பக்கத்தில் மகில் என்ற இடத்தில், அமெரிக்க ஓக் மரத்தில் செய்த புதுப் பீப்பாய்களில் 1951-ல் முதல் முயற்சி. அதற்கு கிரேஞ்ச் ஹெர்மிடேஜ் என்று பெயர்.

நாலைந்து வருஷம் சத்தமில்லாமல் ஓடியது. சிட்னி தலைமை அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு புதுப் பீப்பாய் வாங்குறானே, சரக்கு எங்கே? 1951-லிருந்து 1956 வரை ஒவ்வொரு வருஷத்துச் சரக்கிலும் கொஞ்சம் அனுப்பு என்றார்கள். சிட்னியில் ஒயின் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கிய பெரிய மனிதர்களையெல்லாம் கூப்பிட்டு, ஒரு ருசி பார்க்கும் கூட்டம் போட்டார்கள். ஷூபர்ட்டும் இருந்தார்.

ஒருத்தருக்குக் கூடப் பிடிக்கவில்லை. காட்டுப் பழங்களைக் கலந்தடித்த மாதிரி இருக்கு, அதில் தூக்கலாகத் தெரிவது நசுக்கிய எறும்பு என்றார் ஒருத்தர். இன்னொருத்தர் ஷூபர்ட்டுக்கு வாழ்த்தே சொன்னார், அருமையான இனிப்பில்லாத போர்ட், ஆனால் புத்தி உள்ளவன் எவனும் இதை வாங்க மாட்டான் என்று. இதையெல்லாம் பல வருஷம் கழித்து ஷூபர்ட்டே ஒரு உரையில் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தையையும் அவர் மறக்கவில்லை.

எறும்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம வீட்டில் சர்க்கரை டப்பாவில் எறும்பு கிடந்தால் "பரவால்ல, தின்னு, கண்ணு நல்லாத் தெரியும்" என்பார்கள். அன்றைக்கு சிட்னியில் அந்தப் பெரிய மனிதர்களுக்கு எறும்பு தின்றும் கண் தெரியவில்லை :-)

1957 அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து எழுத்தில் உத்தரவு வந்தது: கிரேஞ்சை நிறுத்து. ஷூபர்ட் நிறுத்தவில்லை. அடிலெய்டில் இருந்த உதவிப் பொது மேலாளர் ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் கண்டும் காணாமல் துணைக்கு நிற்க, 1957, 58, 59 மூன்று வருஷமும் மகிலின் நிலவறையில் திருட்டுத்தனமாகச் செய்தார். புதுப் பீப்பாய்க்குக் காசு கேட்க முடியாது, கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பழைய பீப்பாய்களை வைத்தே ஒப்பேற்றினார். அதற்குள் முதலில் செய்த பாட்டில்கள் வயசாகிப் பதமாகிவிட்டன. நிர்வாகம் மறுபடி குடித்துப் பார்த்தது. 1960 அறுவடைக்கு முன்னால் "செய்யலாம்" என்று உத்தரவு. 1962-ல் சிட்னி ஒயின் கண்காட்சியில் 1955 கிரேஞ்சுக்குத் தங்கப் பதக்கம். அதே 55 தொடர்ந்து ஐம்பதுக்கும் மேல் தங்கம் வாங்கியது. இன்றைக்குப் புது கிரேஞ்ச் ஒரு பாட்டில் கிட்டத்தட்ட ஆயிரம் டாலர். எங்கள் கடையில் பூட்டி வைத்திருக்கிறோம், சாவி முதலாளியிடம்.

இதைப் படித்ததும் விமர்சகர்கள் எல்லாம் டுபாக்கூர் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் யோசித்தால் அப்படி இல்லை. அவர்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்துக் குடிக்கிறதுக்கென்று செய்த ஒயின் இளசாக இருக்கும்போது முரடாகத்தான் இருக்கும். அவர்களுக்குத் தெரிந்த ஒரே காட்டமான ஒயின் போர்ட். அதனால் போர்ட் என்றார்கள். தெரியாத ஒன்றை "தெரியவில்லை" என்று சொல்லாமல் "மோசம்" என்று சொன்னதுதான் தப்பு.

இதற்கு நேர் எதிர்க் கதை மெல்பர்னில் இருக்கிறது. கார்ல்டனில் லைகன் தெருவில் ஒயின் பார் நடத்திய ஜிம்மி வாட்சன் இறந்ததும், நண்பர்கள் காசு சேர்த்து 1962-லிருந்து அவர் பெயரில் ஒரு கோப்பை கொடுத்தார்கள், ஒரு வயது நிரம்பிய சிவப்பு ஒயினுக்கு. பல வருஷம் அந்தப் பரிசு வாங்கியது இன்னும் பாட்டிலுக்கே வராத, பீப்பாயில் கிடக்கிற ஒயின். வோல்ஃப் பிளாஸ் 1974, 75, 76 என்று தொடர்ந்து மூன்று முறை வாங்கிப் பெரிய ஆளானார். பிறக்காத குழந்தைக்கு முதல் மார்க்கா என்று அப்போதிருந்தே கேலி உண்டு.

சரி, யாரைத்தான் நம்புவது? லென் எவன்ஸ் என்று ஒருத்தர். இங்கிலாந்தில் பிறந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, சிட்னியில் ஒரு பெரிய ஹோட்டலின் உணவுப் பிரிவுக்கு மேலாளராக வந்தவர். 1962-ல் புல்லட்டின் பத்திரிகையில் தொடர்ந்து ஒயின் பற்றி எழுத ஆரம்பித்தார். இந்த நாட்டில் அப்படிப் பத்தி எழுதிய முதல் ஆள் அவர்தான் என்கிறார்கள். பின்னாளில் ஒயினும் தயாரித்தார், ரெஸ்டாரண்டும் நடத்தினார். 2006-ல் இறந்தார். எனக்கு அவரிடம் பிடித்தது அவர் கண்டுபிடித்த ஒரு விளையாட்டு. பாட்டிலை மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டு, இது ஆஸ்திரேலியாவா பிரான்ஸா, அஞ்சு வருஷமா பத்து வருஷமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. தப்பாகச் சொன்னவர் உட்கார்ந்துவிட வேண்டும். பத்தியில் எழுதும்போது யார் வேண்டுமானாலும் பெரிய ஆள் மாதிரி எழுதலாம். நாலு பேர் முன்னாடி உட்கார வேண்டி வரும்போதுதான் தெரியும்.

நான் கொடுத்த ஸ்டிக்கர் ஜேம்ஸ் ஹாலிடே ஆரம்பித்த ஒயின் கம்பேனியன் புத்தகத்தின் வழி வந்தது. இப்போது ஒரு குழுவே அதற்குச் சுவைக்கிறது. ஹாலிடே வக்கீலாக இருந்தவர். 1970-ல் நண்பர்களோடு ஹண்டர் பள்ளத்தாக்கில் புரோக்கன்வுட், அப்புறம் 1985-ல் மெல்பர்ன் பக்கம் யாரா பள்ளத்தாக்கில் கோல்ட்ஸ்ட்ரீம் ஹில்ஸ் என்று தானே திராட்சைத் தோட்டம் போட்டவர். ரெண்டாவதை 1996-ல் சவுத்கார்ப்புக்கு விற்றார். அதே சவுத்கார்ப்பிடம்தான் அப்போது பென்ஃபோல்ட்ஸும் இருந்தது. விற்கிறவரே மார்க் போடலாமா? இது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஆனால் அதை அவர் மறைக்கவில்லை, அந்தத் தோட்டத்தை ஆரம்பித்தது இதை எழுதுகிறவன்தான் என்று புத்தகத்திலேயே அச்சில் இருக்கிறது. அமெரிக்காவின் ராபர்ட் பார்க்கரும் வக்கீல்தான். 1978-ல் விளம்பரமே வாங்காமல் பத்திரிகை ஆரம்பித்து நூறு புள்ளிக் கணக்கை உலகத்துக்கே பழக்கினார். அவர் கை சுத்தம். ஆனால் அவருக்குக் கனமான ஒயின் பிடிக்கும் என்று தெரிந்ததும், பரோசா பக்கம் பலர் அவர் நாக்குக்கென்றே ஒயின் செய்ய ஆரம்பித்தார்கள். ஒருத்தர் ருசி ஊர் ருசியாகிப் போச்சு.

நாக்கே கூட ஒரு நிலையில் நிற்பதில்லை. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை ஊற்றிக் கொடுத்தார். 2008-ல் வெளியான அவர் ஆய்வில், மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மார்க் போட்ட நடுவர்கள் சுமார் பத்து சதவீதம்தான். இது தெரிந்தபிறகு தொண்ணூற்றைந்துக்கும் தொண்ணூற்று மூணுக்கும் நடுவில் நான் இனி வாடிக்கையாளரிடம் வித்தியாசம் பேசப் போவதில்லை.

எங்க சித்தப்பா சங்கீதக் கிறுக்கு. சுப்புடு எழுதியதை வெட்டி வைத்திருப்பார். 2007-ல் சுப்புடு போனபோது வீட்டில் துக்கம் நடந்த மாதிரி இருந்தார். அவர் எழுதிய எல்லாத்தையும் சித்தப்பா ஒத்துக்கொண்டதில்லை. "சுப்புடுவுக்கு எது ஆகாதுன்னு எனக்குத் தெரியும், அதனால அவர் திட்டினாலும் நான் போய்க் கேப்பேன்" என்பார். சுப்புடு ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர். ஒயின் விமர்சகர்களையும் நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். புள்ளியை விட்டுவிடுகிறேன். ஒரே ஆள் எழுதின பத்துக் குறிப்பை எடுத்து, அதில் நான் ருசி பார்த்த ரெண்டு மூணை ஒப்பிடுகிறேன். கம்பெனி ரெப்புகள் கடைக்குச் சாம்பிள் கொண்டு வரும்போது ஒரு வாய் வைத்து, கொப்பளித்து, வாளியில் துப்பிவிடுவேன். (குன்னூரில் தேயிலை ருசி பார்க்கிறவர்களும் துப்பத்தான் செய்கிறார்கள். ஆகவே நான் குடிகாரன் இல்லை. அம்மா, நோட் த பாயின்ட்.)

கிரேஞ்ச் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. 2014 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பாரி ஓ'ஃபாரல் பதவி விலகினார். 2011-ல் அவர் தேர்தலில் ஜெயித்தபோது ஒருத்தர் ஒரு பாட்டில் ஒயின் அனுப்பியிருந்தார். விலை சுமார் மூவாயிரம் டாலர். அப்படி எதுவும் வரவில்லை என்று ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன் சொன்னார். மறுநாள் அவர் கையெழுத்திலேயே ஒரு நன்றிக் கடிதம் வெளிவந்தது. ஊழல் என்று ஆணையம் சொல்லவில்லை, ஆனாலும் பதவி போனது போனதுதான். அந்த பாட்டில் 1959 கிரேஞ்ச். ஓ'ஃபாரல் பிறந்த வருஷம். ஷூபர்ட் சிட்னிக்குத் தெரியாமல் நிலவறையில் ஒளித்துச் செய்த மூன்றில் கடைசி.

போன வாரம் அங்கிள் மறுபடி வந்தார். மகளின் சம்பந்தி வீட்டுக்காரர்கள் வருகிறார்களாம். இந்தத் தடவை முதலில் என்ன சமையல் என்று கேட்டேன். நண்டுக் குழம்பும் மீன் பொரியலும். ஹண்டர் பள்ளத்தாக்கு செமியான் ஒன்றை எடுத்தேன், வெள்ளை ஒயின், இருபத்திரண்டு டாலர். இதுக்கு ஸ்டிக்கர் இல்லை அங்கிள், நான் போன மாசம் ஒரு வாய் குடிச்சேன், எலுமிச்சம்பழம் மாதிரி சுள்ளுன்னு புளிக்கும், எனக்குப் பெரிசா பிடிக்கலை, ஆனா மீனுக்குச் சரியா வரும்னு நினைக்கிறேன், நண்டுக் குழம்புக் காரத்துக்கு என்ன ஆகும்னு தெரியலை என்று உள்ளதைச் சொன்னேன். என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு தாரும்" என்றார்.

இன்னும் திரும்பி வரவில்லை.