தேயிலை மலையும் தங்க வயலும்

ஆற்றை நம்பிப் பிறந்த ஊர்கள் உண்டு. கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்கள் உண்டு. ஏதேனும் ஒரு பண்டத்தை எடுப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட ஊர்களும் உண்டு. முதலிரு வகையும் பல நூற்றாண்டு நிலைபெறும். மூன்றாம் வகையின் வாழ்நாளோ அப்பண்டத்தின் விலையோடு பிணைந்தது. விலை வீழ்ந்து முதலாளி வெளியேறிய பின்னர் அவ்வூர் மக்கள் யாது ஆகின்றனர்? இவ்வினாவை நெஞ்சிற் கொண்டே ஏலப்பாறையிலிருந்து கோலார் தங்க வயல் வரை நாம் சாலை வழியே சென்றோம்.

பீர்மேட்டு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் முதலில் நட்டது காப்பி. இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. காட்டை வெட்டவும் கன்று நடவும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் பாண்டி நாட்டின் வறண்ட சிற்றூர்களிலிருந்தும் கங்காணிகள் மக்களைத் திரட்டி மலையேற்றினர். அவர்கள் குடியிருக்க எழுந்தவையே லயங்கள். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அச்சிறு வீடுகள் தொழிலாளியின் உடைமையல்ல. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் வீடு தரும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளரிடமே வைத்தது. வேலை உள்ளவரை வீடு என்பதே நியதி.

1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது இந்தியத் தேயிலையின் பெருஞ்சந்தை ஒன்று தளர்ந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் விலையும் வீழ்ந்தது. 2000-ஆம் ஆண்டில் பீர்மேடு தேயிலைக் கம்பெனி தன் தோட்டங்களைக் கைவிட்டது. ஏலப்பாறையை அடுத்த உப்புத்தறைப் பக்கத்துச் சீந்தலாறும் லோன்ட்ரீயும் அவற்றுள் அடங்கும். கவ்வாத்து செய்யாது விட்ட தேயிலைச் செடி புதராய் நில்லாது மரமாய் ஓங்கும் என்பதைத் தோட்டத்தார் அறிவர். ஆயினும் மக்கள் அகலவில்லை. தோட்டத்தைத் தமக்குள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு கொழுந்து கிள்ளி விற்றனர். ஒழுகும் கூரைமீது பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி மழையைக் கழித்தனர்.

இங்கே ஒரு பழஞ்செய்தியை நினைவுகூர்தல் வேண்டும். மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எம்மாநிலத்தைச் சார்வது என்ற வழக்கு கடுமையாக எழுந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் அதன் தலைவர் நேசமணியும் அவற்றைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரினர். தோட்டத் தமிழர் வந்து போகும் கூட்டமே; நிலைத்த குடிகள் அல்லர் என்பது எதிர்த்தரப்பின் வாதங்களுள் ஒன்று. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன. இவ்விரு வட்டங்களும் கேரளத்தில் நின்றன. எல்லை அன்றே முடிந்த செய்தி. நாம் எண்ண வேண்டியது அவ்வாதத்தையே. வந்து போவோர் எனப்பட்டவர் நிலைத்து நின்றனர். நிலையானவை எனத் தோன்றிய கம்பெனிகளே போயின.

குமுளி கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினோம். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் நீர் கிழக்கு நோக்கி இறங்கும் தடம் இது. அக்காலத்தில்தான் மக்கள் மேற்கு நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். தேனி, திண்டுக்கல், சேலம், கிருஷ்ணகிரி, குப்பம் எனப் பச்சை குறைந்து பாறையும் முட்செடியும் மிகுந்த நாட்டைக் கடந்து தங்க வயலை அடைந்தோம். தொலைவிலேயே தென்படுபவை சயனைடு மேடுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய அரைத்த கல்மண் மூன்று கோடி டன்னுக்கும் மேலாகக் குன்றுகளாய்க் கிடக்கிறது. கோடைக் காற்றில் அத்தூள் வீடுகளின்மீது படிகிறது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்குக் கால்வைத்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர், பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடியினர், சுரங்கத்துள் இறங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் இங்கு வந்தது. பெங்களூர் நகர் அதற்கு மூன்றாண்டு காத்திருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாய்ச் சென்றது. ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறி மாண்டோர் பலர். தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் இறுதியில் ஏறக்குறைய 3 கிராமாகக் குறைந்தது. ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இங்கும் தொழிலாளர் குடியிருப்புக்குப் பெயர் லைன் என்பதே. மலையின் லயமும் வயலின் லைனும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியப் பாலையிலுள்ள குவாலியா என்னும் ஊரும் தங்கத்தால் பிறந்ததே. 1963 டிசம்பரில் அதன் சுரங்கம் மூடப்பட்டதும், ஏறக்குறைய 1,200 பேர் வாழ்ந்த ஊரில் மூன்று வாரங்களுள் நாற்பது பேரளவே எஞ்சினர். அவர்களுக்குப் போக வேறு சுரங்கங்கள் இருந்தன. நம்மவர்க்கோ திரும்பிச் செல்லக் காணியும் இல்லை. பிறந்த ஊரில் பழைய இழிவு காத்திருந்தது. ஆகவே தங்க வயலார் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூரில் உழைத்து இரவில் அதே லைனுக்குத் திரும்பும் வாழ்வை மேற்கொண்டனர். அவர்கள் எழுப்பிய கோயில்களும் தேவாலயங்களும் புத்த விகாரைகளும் அங்கேயே உள்ளன. முன்னோர் கல்லறைகளும் அங்கேயே உள்ளன.

மழையின்றி வெம்மை மிகுந்தால் குறிஞ்சியும் பாலையாகும் என்பது பழந்தமிழர் கண்ட உண்மை. ஏலப்பாறையிலோ மழை குறையவில்லை. இங்குப் பாலையைச் செய்தது ஞாயிறன்று, சந்தை. ஞாயிற்றின் வெம்மை அடுத்த பருவத்தில் தணியும். சந்தை செய்த பாலைக்குப் பருவம் இல்லை. அதனைத் தணிக்க வீட்டுரிமையும் நில உரிமையும் நிலுவைக் கூலியும் வேண்டும்.

அவ்வுரிமைகளைக் கேட்போர்க்குச் சான்று வேண்டும். கம்பெனியின் ஏடுகளில் கொழுந்தின் எடை உண்டு. கிள்ளிய கையின் வரலாறு இல்லை. ஆகவே புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஒவ்வொருவரும், எவ்வூரிலிருந்து, எத்தலைமுறையில், எந்தக் கங்காணியின் பின்னே வந்தோம், எந்த லயத்தில் எத்தனை பேர் பிறந்தோம், யாரை எங்கே புதைத்தோம் என்பதை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். ஒரு பள்ளிக் குறிப்பேடு போதும். கைவிடப்பட்ட ஊர்கள் என்று உலகம் இவற்றை அழைக்கலாம். கைவிட்டவர் சிலர், விடாது பற்றி நின்றவர் பல்லாயிரவர். ஊரின் வரலாறு நின்றவர்க்கே உரியது.