கல்விப் பயணமும் கூலிப் பயணமும்

பயிரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் பெக்கான் நானாஸ். 'பெக்கான்' என்பது சிறுநகரையும், 'நானாஸ்' என்பது அன்னாசியையும் குறிக்கும் மலாய்ச் சொற்களாம். ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்தின் கரிய சதுப்பு மண்ணில் செழித்து வளரும் அன்னாசிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது தானே பூக்கும் காலத்தை எதிர்நோக்கித் தோட்டத்தார் காத்திருப்பதில்லை. மருந்து தெளித்துப் பூக்கவைத்து, வேண்டிய மாதத்தில் பழம் பறிக்கின்றனர். எனவே, பருவம் என்பதை இயற்கை மட்டுமே வகுப்பதில்லை. வேலை வாங்குவோரும் வகுக்கின்றனர். அயல்நாட்டு மாணவர்க்கெனத் தோன்றிய பருவகால வேலைத் திட்டங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இவ்வுண்மை பெரிதும் துணைசெய்யும்.

மாணவர் கடல் கடந்து சென்று பிற நாட்டு மக்களோடு பழகுவதால் விளையும் நன்மைக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு அருகிலுள்ள கர்க்பி என்னுமிடத்தில், 1952ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரை மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இயங்கிற்று. போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்தோர் தங்கிய விடுதியே பின்னர் அக்கல்லூரியாயிற்று. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் அங்கே ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, கற்று, ஆசிரியர்களாகத் தாயகம் திரும்பினர். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் அக்கல்லூரிக்குச் சென்று, நாடு விடுதலை பெறவிருக்கும் செய்தியை மாணவரிடையே வெளியிட்டமை பலரும் அறிந்ததே. தொழிலாளர் விடுதி கல்விக்கூடமாக மாறிய வரலாறு இது.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. அமெரிக்க நாடு 1961ஆம் ஆண்டில் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத்திற்கென ஒரு சட்டம் இயற்றிற்று. பிற நாட்டு மக்களுக்கும் தன் மக்களுக்கும் இடையே நல்லுணர்வு வளர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அச்சட்டத்தின்கீழ் அமைந்த திட்டங்களுள் ஒன்று, அயல்நாட்டுக் கல்லூரி மாணவர் தம் நீண்ட விடுமுறையில் அங்குச் சென்று, சில மாதம் வேலை செய்து, நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவதற்கு வழிவகுத்தது. நோக்கம் உயர்ந்தது, நன்கு நடைபெற்ற இடங்களில் பயனும் நிறைந்தது.

ஆயினும், 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்தது யாது? பென்சில்வேனியா மாநிலத்துப் பால்மைரா என்னும் ஊரில், ஹெர்ஷி மிட்டாய்களைப் பொதியும் கிடங்கில் வேலை செய்த அயல்நாட்டு மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வேலையை நிறுத்தி வெளியேறினர். சீனா, நைஜீரியா, துருக்கி, உக்ரைன் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இத்திட்டத்திற் சேர்வதற்கென மூவாயிரம் டாலரும் அதற்கு மேலும் செலவிட்டு வந்தோர் அவருட் பலர். கனத்த பெட்டிகளைச் சுமப்பதும், இரவெல்லாம் கண்விழித்து உழைப்பதும், கூலியிலிருந்து வீட்டு வாடகை பிடிக்கப்படுவதுமே அவர்கள் கண்ட அமெரிக்கப் பண்பாடு! அவர்களது குரல் வீண்போகவில்லை. 2012ஆம் ஆண்டு அமெரிக்க அரசு விதிகளைத் திருத்தி, தொழிற்சாலை, கிடங்கு போன்ற இடங்களிலும், பெரும்பாலும் இரவில் செய்யவேண்டிய வேலைகளிலும் இம்மாணவரை அமர்த்தலாகாது எனத் தடுத்தது. பண்பாட்டு நிகழ்ச்சிகளில் அவர்கள் பங்குபெற வழிசெய்தல் வேண்டும் என்றும் விதித்தது.

இச்செய்தி தமிழராகிய நமக்கு முற்றிலும் புதியதன்று. ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்த நம் முன்னோர், தம் பயணச் செலவைத் தம் கூலியிலிருந்தே கழித்தனர். கங்காணி கொடுத்த முன்பணமும் அவ்வாறே கடனாகத் தலைமேல் ஏறியது. கடன் தீருமட்டும் தோட்டத்தை விட்டு அகல வழியில்லை. 1907ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதிக்கான சட்டம் பிறந்தபின், முதலாளிமார் செலுத்திய தொகையைக் கொண்டு கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறையும் 1910ஆம் ஆண்டோடு ஆள்சேர்ப்பில் முடிவுற்றது. நூறாண்டுக்கு முன்னர் எழுத்தறியாத் தோட்டத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கப்பட்ட பயணக்கடன், 2011ஆம் ஆண்டில் பட்டப்படிப்பு மாணவனின் தலைமேல் மீண்டும் ஏறி அமர்ந்ததை என்னென்பது!

இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. மாணவன் சில மாதங்களில் வீடு திரும்புவான். அவன் துயரைச் செய்தித்தாள்கள் உலகறியச் செய்யும். நம் முன்னோரில் பலர் திரும்பவேயில்லை. எனினும், இருவரையும் கட்டிய கயிறு ஒன்றே. புறப்படுமுன் ஏறிய கடன், பிடிக்காத வேலையைத் துணிந்து விட முடியாதபடி அவர்களைத் தடுத்தது. உழைப்பில் இழிவு இல்லை. உழைப்பைக் கல்வி என்று பெயர் மாற்றி, அப்பெயருக்கு மாணவனிடமே விலையும் வாங்குவதுதான் இழிவு.

இன்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் நம் இளைஞர்க்கும் விடுமுறைக்கால வேலைக்கு இசைவு வழங்குகின்றன. செல்ல விழைவோரைத் தடுத்தல் ஆசிரியர் கடமையன்று. உலகம் காணாத கல்வி குறைவுடைய கல்வியே. ஆனால், புறப்படுமுன் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குதல் நம் கடமையாகும். பயணச் செலவும் தரகும் யார் தலைமேல் விழுகின்றன? வேலை நேரம் போக, அந்நாட்டு மக்களோடு பழகவும் அவர்தம் மொழியையும் வாழ்வையும் அறியவும் எத்தனை நாள் எஞ்சும்? வேலை ஒவ்வாதபோது, கடனுக்கும் அச்சத்திற்கும் ஆளாகாமல் அதை விட்டு விலக இயலுமா?

இவற்றுக்கு நேரிய விடை கிடைப்பின், அது கல்விப் பயணம், மனமகிழ்ந்து வழியனுப்புவோம். கிடைக்காவிடின், பெயர் எவ்வளவு அழகியதாயினும் அது கூலிப் பயணமே. அதன் வேறுபாட்டைத் தம் குடும்ப வரலாற்றிலிருந்தே கற்பிக்கும் வாய்ப்பு நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு உண்டு. அதனைப் பயன்படுத்துவோமாக.