மலிவுக் கணினியும் தமிழ்க் குறிமுறையும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர், 1990களில் நிலவிய எழுத்துருக் குழப்பத்திற்குத் தமிழரின் ஒற்றுமையின்மையே காரணம் எனக் கூறி அமைவது வழக்கமாகிவிட்டது. ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறிமுறை என்ற நிலை இருந்தது உண்மையே. எனினும், ஆர்வலர்கள் எத்தகைய கணினிகளைக் கொண்டு தம் மென்பொருள்களை ஆக்கினர் என்பதை நோக்குமிடத்து, இக்குற்றச்சாட்டு பாதி உண்மையே என்பது புலனாகும்.

1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் எழுத்து வடிவங்கள் அழிக்க இயலாத நினைவகச் சில்லில் பொறிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்திற்கென அமைந்த அவ்விடத்தில் தமிழைப் புகுத்த இரு வழிகள் இருந்தன. ஒன்று, கணினியினுள் கூடுதல் அட்டை ஒன்றைப் பொருத்துவது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வின் பயனாகச் சி-டாக் நிறுவனம் வழங்கிய ஜிஸ்ட் அட்டை இவ்வகையினது. மற்றொன்று, வன்பொருளைத் தொடாது, எழுத்தைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருளை எழுதுவது. நிறுவனங்கள் முதல் வழியில் செல்ல, கைப்பணத்தில் கணினி வாங்கியவர்க்கு இரண்டாவதே வாய்த்தது. கனடாவில் சீனிவாசன் ஆக்கிய ஆதமியும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசும் இவ்வழியின் தொடக்க முயற்சிகள்.

விண்டோஸ் பரவியபின் அட்டைக்குத் தேவை குறைந்தது. எழுத்துருக் கோப்பு ஒன்றே போதுமானதாயிற்று. ஆனால் இடநெருக்கடி தீரவில்லை. ஒரு பைட்டில் அமைவன 256 இடங்கள். அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்திற்குரியவை. எஞ்சிய 128இல் தமிழின் 247 எழுத்துகளை அடக்குவது எங்ஙனம்? உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி மெய் 18, உகர வரிசை 18, ஊகார வரிசை 18 என எண்ணினாலே 85 ஆகின்றது. அதன்மேல் கால், கொம்பு, கொக்கிகள், கிரந்த எழுத்துகள் வேறு. எதனைச் சேர்ப்பது, எதனை உடைத்து ஒட்டுவது என்பதில் ஆக்குநர்கள் வேறுபட்டனர். அவ்வேறுபாட்டிற்குப் பிடிவாதமும் ஓரளவு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இடம் தாராளமாக இருந்திருப்பின் பிணக்கின் பெரும்பகுதி எழுந்தேயிராது.

இவர்களுட் பலர் கணினியியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கிய கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளர். கணியனை உருவாக்கிய நா. கோவிந்தசாமி சிங்கப்பூரின் சிறுகதையாசிரியர். தேசியக் கல்விக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளம் நான்கு மொழிகளில் திறக்கப்பட்டபோது, அதில் தமிழ் இடம்பெற அவர் உழைத்தார். சிங்கப்பூரில் 1997 மே மாதம் நடைபெற்ற தமிழ்நெட் 97 கருத்தரங்கும் இம்முயற்சிகளின் தொடர்ச்சியே. 1999இல் அவர் காலமானார். தமிழாசிரியர் ஒருவர் கணிமை வரலாற்றில் இத்துணை முன்னிற்பது நம் வகுப்பறைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் எனும் குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்து உருவாக்கிய திஸ்கியும் உடன் வழங்கியது. ஒருங்குறியிலோ 1991 முதலே தமிழ் உண்டு. பின் ஏன் அது உடனே வெல்லவில்லை? இங்கும் விடை வன்பொருளிலேயே உள்ளது. தமிழ் ஒருங்குறியை நேரடியாக ஏற்ற விண்டோஸ் 2000க்குக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் வேண்டும். விண்டோஸ் 98க்கு 16 போதும். பழைய கணினியை வைத்திருந்தவர் உலாவியில் ஒருங்குறிப் பக்கங்களைப் படிக்க வழிசெய்துகொண்டாலும், தமிழ் ஆவணங்களைத் தட்டச்சிடப் பழைய எழுத்துருக்களையே நாடினார். இவ்விடைவெளியை நிரப்பியவையும் ஆர்வலர் எழுதிய சிறு நிரல்களே. பிற மென்பொருளோடு ஒட்டி இயங்கிய எ-கலப்பை, திஸ்கியிலும் ஒருங்குறியிலும் எழுத உதவியது. குறிமுறை மாற்றிகள் பழைய கோப்புகளைப் புதியனவாக்கின.

அம்மாற்றம் எளிதன்று. திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிவாகும். ஒருங்குறியில் ககரம் முதலில் நிற்கும், ஒகரக் குறி அதனைத் தொடரும். ஆகவே இடம் மாற்றி வைக்கும் அறிவும் நிரலுக்கு வேண்டும். அதனினும் முதன்மையானது, மூலக்கோப்பு எக்குறிமுறையில் அமைந்தது என்பதை அறிந்திருத்தல்.

என் இளங்கலை ஆய்வேட்டை 2001இல் இரண்டாங்கையாக வாங்கிய ஒரு விண்டோஸ் 98 கணினியில் தட்டச்சிட்டேன். அண்மையில் அக்கோப்புகளைத் திறந்தபோது தலையில் புள்ளியும் கோடும் ஏந்திய உரோமன் எழுத்துகளே திரையில் நிரம்பின. நான்கு இயல்களைத் திஸ்கி மாற்றி மீட்டுத் தந்தது. தோட்டப்புறப் பாட்டிகள் இருவரிடம் கேட்டெழுதிய தாலாட்டுகள் அடங்கிய பின்னிணைப்பு மட்டும் வேறோர் எழுத்துருவில் அமைந்திருந்தது. அவ்விருவரும் இன்று இல்லை. நெகிழ்வட்டின் உறையில் நாளும் தலைப்பும் எழுதியிருக்கிறேன்; எழுத்துருவின் பெயரை எழுதவில்லை.