ரமண மகரிசியின் இறுதி நோய்

ரமண மகரிசியின் இறுதி நோய் என்பது திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிசியின் (1879–1950) இடக்கையில் தோன்றிய சார்க்கோமா வகைப் புற்றுநோயைக் குறிக்கும். அறுவைச் சிகிச்சை, ரேடியம், பச்சிலை மருத்துவம், ஓமியோபதி, ஆயுர்வேதம் எனப் பல முறைகள் கையாளப்பட்டும் இந்நோய் தீரவில்லை.

நோயின் தன்மை

சார்க்கோமா என்பது தசை, கொழுப்பு, நார்த்திசு, எலும்பு முதலியவற்றில் தோன்றும் புற்றுநோயாகும். தோலுக்கு அடியில் தோன்றுவது தொடக்கத்தில் சாதாரணக் கட்டி போலவே தோற்றமளிக்கும். அழற்சியால் உண்டாகும் சீழ்க்கட்டி சிவந்து, சூடாகி, வலித்துப் பின்னர் ஆறிவிடும். சார்க்கோமா பெரும்பாலும் வலியின்றியே வளரும். கட்டியைச் சுற்றியுள்ள திசுக்களிலும் புற்று உயிரணுக்கள் பரவியிருப்பதால், கட்டியை மட்டும் நீக்கினால் அது அதே இடத்தில் மீண்டும் வளரக்கூடும்.

நோயின் போக்கு

1948 ஆம் ஆண்டின் இறுதியில் மகரிசியின் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டி ஒன்று காணப்பட்டது. 1949 பெப்ரவரியில் இரமணாசிரம மருத்துவர்கள் அதனை அகற்றினர். ஒரு மாதத்திற்குள் அது மீண்டும் வளர்ந்தது. மார்ச்சு இறுதியில் சென்னையிலிருந்து வந்த மருத்துவர்கள் இரண்டாம் முறை அறுவை செய்தனர். புண் சரிவர ஆறவில்லை. கட்டி மேலும் பெரிதாகத் தோன்றியது. கையைத் துண்டிக்கலாம் என்ற மருத்துவர்களின் யோசனையை மகரிசி ஏற்கவில்லை.

இதன்பின் நாட்டு மருத்துவர் ஒருவர் பச்சிலைகளைக் கொண்டு சிகிச்சை அளித்தார். ஆயினும் கட்டியின் வளர்ச்சி நிற்கவில்லை. ஆகத்து மாதம் மூன்றாவது அறுவையும் ரேடியம் சிகிச்சையும், டிசம்பரில் நான்காவது அறுவையும் நடைபெற்றன. பின்னர் ஓமியோபதி, ஆயுர்வேத மருந்துகள் கொடுக்கப்பட்டன. 1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8.47 மணிக்கு மகரிசி காலமானார். அப்போது அவருக்கு வயது 70.

அக்கால மருத்துவ வசதி

சென்னை அரசு பொது மருத்துவமனையைச் சார்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934 இல் தொடங்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிலையம், மகரிசி மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் 1954 இல் தான் செயற்படத் தொடங்கியது.

பிற்கால ஆய்வுகள்

அறுவையுடன் கதிர் சிகிச்சையைச் சேர்த்தளித்தால், கை கால்களைத் துண்டிக்காமலே பலரைக் காப்பாற்ற முடியும் என்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1982 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

தாவரங்களிலிருந்தும் பயனுள்ள மருந்துகள் கிடைத்துள்ளன. நம் ஊர்களில் எங்கும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிசுட்டீன் 1963 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிறுவர்களுக்கு வரும் ஒருவகைத் தசைச் சார்க்கோமாவுக்கு இது பிற மருந்துகளுடன் சேர்த்து நரம்பு வழியே செலுத்தப்படுகிறது. ஆனால் அச்செடியின் இலையை அரைத்துப் பூசுவதோ உண்பதோ இச்சிகிச்சைக்கு ஈடாகாது. அச்செடி நச்சுத்தன்மை உடையது.

ஐந்து செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, தொடர்ந்து வளரும் கட்டி, அகற்றிய பின்னரும் திரும்ப வரும் கட்டி ஆகியவற்றுக்குத் திசுப் பரிசோதனை செய்து நோயை உறுதிப்படுத்திய பின்னரே சிகிச்சையைத் தீர்மானிப்பது இன்றைய மருத்துவ முறையாகும்.